கொம்பில் ஏறிய சூடு

ஒரு பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் என்னைத் தேடுவார். நான் களஞ்சியத்தின் மறு கோடியில் பீங்கான் சாமான்களைத் தாளில் சுற்றிக்கொண்டு நின்றாலும் காத்திருப்பார். வெட்டுகிற கத்தி கையில் இருக்கும். நாடாவை அறுக்க இரண்டு விநாடி போதும், ஆனால் அறுக்கமாட்டார். நான் வந்து பக்கத்தில் நின்ற பிறகு, "இப்ப வெட்டுறன், பாத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வெட்டுவார். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டுவார். கடைசியில் வெறும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "பாத்தனீர்தானே?" என்பார்.

"ஓம் அண்ணை" என்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த பெட்டி.

கனடாவின் ஸ்காபரோவில் ஓர் ஏலக் கம்பனியின் களஞ்சியத்தில் நாங்கள் வேலை செய்தோம். இறந்துபோனவர்களின் வீடுகளிலிருந்து லொறியில் சாமான்கள் வரும். கதிரை, மேசை, படங்கள், யாரோ ஒருவர் ஆசையாகச் சேர்த்து வைத்த மணிக்கூடுகள். திறந்து, துடைத்து, இலக்கம் ஒட்டி, தட்டுகளில் அடுக்குவது எங்கள் வேலை. அவருக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. எனக்கு நாற்பத்தாறு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டேன். அதனால்தான் என்னைத் தெரிந்தெடுத்தார் என்று கனகாலம் நினைத்திருந்தேன். பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் கேள்வி கேட்கக்கூடாது. அதற்கு என்னைவிடப் பொருத்தமானவன் அந்தக் கட்டடத்தில் இல்லை.

ரெக்ஸ்டேலிலிருந்து லொறி ஓட்டி வரும் தமிழ்ப் பொடியன் ஒருவன் அவரைப் பகிடி பண்ணுவான். ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன அண்ணை, கக்கூசுக்குப் போறதெண்டாலும் சாட்சி வேணுமோ?" என்றான்.

"கதவுக்கு வெளியில நிண்டால் காணும்" என்றார் அவர். சிரிக்கவில்லை. அவன்தான் கடைசியில் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

வேலையில் மட்டும் என்றில்லை. யாராவது வடை வாங்கி வந்து பையை மேசையில் வைத்தால், "ரெண்டு எடுக்கிறன், பாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். பஸ்ஸில் பயண அட்டையைத் தட்டும்போது பின்னால் நிற்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் தலையாட்டவேண்டும். ஆனால் கையெழுத்து மட்டும் வைக்கமாட்டார். சாமான் வந்து சேர்ந்ததற்கு லொறிக்காரனின் தாளில் ஒரு கிறுக்கல் போட வேண்டுமென்றாலும் பேனாவை என்னிடம் நீட்டுவார். என் கோணல் கையெழுத்தை நான் எழுதி முடிக்கும்வரை வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஊரில் அவர் ஒரு நொத்தாரிசிடம் இருபது வருஷம் கிளாக்கராக இருந்தவர். காணியை விற்றாலோ பிள்ளைக்குக் கொடுத்தாலோ அதை எழுதிப் பதிகிறவரைத்தான் எங்கள் பக்கத்தில் நொத்தாரிசு என்போம். எழுதிய பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். நொத்தாரிசுக்கு முன்னால் இரண்டு சாட்சிகள் நின்று பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் உறுதி செல்லும். அந்தப் பழக்கம் இந்த மனிதரை விட்டுப் போகவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படி நினைத்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

ஒரேயொரு விஷயம் மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் வேலைக்கு வெறும் வயிற்றோடு வருவார். மத்தியானம் ஒரு கடதாசித் தட்டில் சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் எடுத்துக்கொண்டு லொறிகள் பின்னால் வந்து நிற்கும் இடத்துக்குப் போவார். காகத்துக்கு வைப்பதற்கு. காகம் வராது. கடற்புறாக்கள்தான் கூட்டமாக வந்து தட்டையே தூக்கிக்கொண்டு போகும். அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடமாட்டார். ஒருமுறை நானாகப் போய், ஆருக்கு என்று கேட்டேன்.

"உறவில்லை" என்றார். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, "ஆரும் குடுக்காத சாப்பாடு" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஓர் இலையுதிர் காலத்தில், கொம்புகள் வந்தன. நகரத்தின் நடுவில் பெரிய வீடொன்றில் தனியாக வாழ்ந்து இறந்த ஒரு பல் வைத்தியர் சேர்த்து வைத்தவை. எல்லாம் குடிப்பதற்கான கொம்புகள். நாற்பத்தொன்று இருந்தன. மாட்டுக் கொம்பு, எருமைக் கொம்பு, மலையாட்டுக் கொம்பு. சிலவற்றின் வாயைச் சுற்றி வெள்ளிப் பட்டம் போட்டிருந்தது. சிலவற்றில் ஆட்களும் தவளைகளும் சிலந்திகளும் செதுக்கியிருந்தன. சிலவற்றுக்குப் பறவையின் நகம் போல வெள்ளியில் கால் வைத்து, மேலே மூடியும் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து எனக்குக் காட்டினார். நாற்பத்தொரு தரம் நான் ஓம் என்றேன்.

அவற்றைப் பற்றி எழுதுவதற்கு மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் காரில் வருவார். இங்கேயே பிறந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும், பழைய பொருட்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஏலப் பட்டியலில் ஒவ்வொரு சாமானுக்கும் வயது, ஊர், பாவித்த விதம் எல்லாவற்றையும் எழுதுவது அவருடைய வேலை. எங்களை அங்கிள் என்று கூப்பிடுவார். எனக்கு அது கூச்சமாக இருக்கும்.

முதல் நாளே நான் ஒரு பிழை விட்டேன். சின்னக் கொம்பு ஒன்றின் உள்ளே கறுப்பாகப் பிடித்திருந்தது. கோப்பை கழுவுவதுபோல வாளியில் சுடுதண்ணீர் ஊற்றிச் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தேன். எடுத்துப் பார்த்தால் கொம்பின் வாய் வட்டமாக இல்லை, நெளிந்திருந்தது. வெள்ளிப் பட்டம் கழன்று வாளிக்குள் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பட்டத்தை மறுபடி மாட்டி, தாளைத் திணித்து இறுக்கி, மற்றக் கொம்புகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் வந்து எண்ணும்போது அதைத் தூக்கினார். பட்டம் சிமெந்தில் விழுந்து உருண்டது. உருண்டு நிற்கும்வரை அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் பாக்கேல்லை" என்றார்.

எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. ஆனால் அவர் நகரவில்லை. "பாத்திட்டுப் பாக்கேல்லை எண்டு சொல்லுறது எவ்வளவு பாரமெண்டு உமக்குத் தெரியாது. போய்ச் சொல்லும். நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார்.

போய்ச் சொன்னேன். மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. அந்தப் பெண் கோபிக்கவில்லை. கொம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, சூடு பட்டால் கொம்பு இளகும், அந்தக் காலத்தில் செய்தவர்களும் சூடாக்கித்தான் வளைத்தார்கள், இதைத் திரும்பச் சரிப்படுத்தலாம் என்றார். "இது எலும்பு இல்லை அங்கிள். உங்கட நகம் இருக்கே, அதே சாமான்தான்" என்றார். நான் என் நகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அண்ணை தன் வலது கைப் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்துக்கொண்டார். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தேநீர் நேரங்களில் அந்தப் பெண் எங்களோடு வந்து இருப்பார். கொம்புகளைப் பற்றிக் கதைப்பதில் அவருக்கு ஆசை. இதை ஏன் கீழே வைக்க முடியாதபடி செய்தார்கள் தெரியுமா என்று ஒருநாள் கேட்டார். ஊற்றினால் குடித்து முடிக்க வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது. சபையில் கொம்பைக் கையில் வாங்கினவர் ஏதாவது சொல்லவேண்டும், வாக்குக் கொடுக்கவேண்டும், பிறகு குடிக்கவேண்டும். ஒரே கொம்பில் குடித்தவர்கள் ஒருவருக்கொருவர் துரோகம் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

"எங்கட பிளாவும் அப்பிடித்தான் பிள்ளை" என்றார் அவர். பனையோலையைக் கோலிக் கூழும் கள்ளும் குடிக்கிற பிளாவை அந்தப் பெண் கண்டதில்லை. அவர் ஒரு பழைய பத்திரிகையை மடித்துக் கோலிக் காட்டினார். கூர்மையான அடி. கீழே வைத்தால் சரிந்துவிடும். அந்தப் பெண் அதை வாங்கித் தொலைபேசியில் படம் எடுத்தார். அன்றைக்குத்தான் அண்ணையின் முகத்தில் நல்ல சிரிப்பைக் கண்டேன்.

கால் வைத்த கொம்புகள் பிற்காலத்தவை என்றார் அந்தப் பெண். கால் வந்ததோடு அவற்றில் குடிப்பது குறைந்து, அலுமாரியில் வைத்துப் பார்க்கும் பொருளாகிவிட்டன. காண்டாமிருகக் கொம்பில் நஞ்சை ஊற்றினால் அது காட்டிக் கொடுக்கும் என்று அரசர்கள் நம்பினார்களாம். சாதாரண மாட்டுக் கொம்பை, பாதி கழுகும் பாதி சிங்கமுமான ஒரு மிருகத்தின் நகம் என்று சொல்லித் தேவாலயங்களில் மரியாதையாக வைத்திருந்தார்களாம். அவர் அதைக் கேட்டு, "அப்ப பொய்ச் சாட்சி அங்கையும் இருந்திருக்கு" என்றார். ஆபிரிக்காவில் கமரூன் என்ற நாட்டின் மலைப் பக்கத்துக் கொம்புகளும் அந்தச் சேகரிப்பில் இருந்தன. அங்கே தகப்பன் இறந்தால் வாரிசு அவருடைய கொம்பில் குடிப்பான், வீட்டுக்கு இனி யார் என்பது அதிலிருந்து ஊருக்குத் தெரியும் என்று அந்தப் பெண் சொன்னார்.

"பிழையான பிள்ளை எடுத்தால்?" என்று கேட்டார் அவர்.

"அது எனக்குத் தெரியாது அங்கிள். புத்தகத்தில இல்லை."

பிறகு ஒருநாள் அந்தப் பெண் இங்கிலாந்துக் கதை ஒன்றைச் சொன்னார். ஒரு பிரபுவுக்குப் பிள்ளைகள். தனக்குப் பிறகு காணிக்காக அடிபடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தான் குடிக்கும் கொம்பில் வைனை நிரப்பிக்கொண்டு தேவாலயத்துக்குப் போய், பீடத்தின் முன் முழங்காலில் நின்று குடித்து முடித்து, காணி முழுவதையும் கடவுளுக்கு எழுதிவைத்துவிட்டான். எழுதிவைத்தான் என்றால் எழுத்தில் இல்லை. கொம்பை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தான். அந்தக் கொம்புதான் உறுதி. இதுபோலக் கொம்பைக் காட்டியே காணி ஆண்ட குடும்பங்களும் இருந்தனவாம்.

அண்ணையின் தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. "எழுத்தே இல்லாமலோ?" என்றார்.

"ஓம் அங்கிள். நிண்டு பாத்த ஆக்கள் இருந்தினம். கொம்பு இருக்கு. அது காணும்."

"பாத்த ஆக்கள் செத்தாப் பிறகு?"

"கொம்பு இருக்கும்தானே."

"கொம்பு கதைக்குமோ பிள்ளை?"

அந்தப் பெண் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டார். கமரூன் கொம்பு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் இருப்பார். கையுறை போடமாட்டார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொல்வார். "சுடுதோ இல்லையோ?" என்று கேட்பார். உண்மையில் இளஞ்சூடாகத்தான் இருந்தது. ஓம் என்றால் முகம் தெளியும். பத்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்பார். எனக்குப் பயம் பிடித்தது. களஞ்சியத்தின் அந்தப் பக்கத்துக்குப் போகாமலிருக்க ஒரு சாட்டுத் தேடவேண்டியிருந்தது. போகாவிட்டாலும் அவர் கூப்பிடுவார்.

ஒருநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டார். "பிள்ளை, வெள்ளி குளிருது. கண்ணாடி குளிருது. உந்தக் கொம்பு மட்டும் ஏன் சூடாக் கிடக்கு? உயிருள்ள ஒண்டைப் பிடிச்ச மாதிரி?"

"அது கொம்பின்ர சூடு இல்லை அங்கிள். உங்கட கைச் சூடு" என்றார் அந்தப் பெண். "மெட்டல் எண்டால் உங்கட சூட்டை இழுத்துக்கொண்டு போயிடும். இது இழுக்காது. அங்கேயே நிக்கும். உங்கட சூடுதான் உங்களுக்குத் திருப்பித் தெரியுது."

அவர் கொம்பை மெதுவாகச் சரித்து மேசையில் வைத்தார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அந்தப் பெண் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பி, "கேட்டனீர்தானே?" என்றார்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் மூன்று பஸ்களைப் போகவிட்டோம். அவர் சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தது.

ஊரில் ஒரு தாய். ஒரு மகன், ஒரு மகள். மகள் தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய், பிறகு கனடாவுக்கு வந்துவிட்டாள். தாய் எதுவும் எழுதாமல் கண்ணை மூடினால் வீடும் காணியும் இருவருக்கும் பாதி பாதி. எல்லாம் மகனுக்கே என்று ஓர் உறுதியை மகன் தயார் பண்ணி வைத்திருந்தான். தாய் கையெழுத்து வைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் நொத்தாரிசின் வீட்டுக்கு ஓடி வந்தான். அம்மாவுக்கு ஏலாமல் இருக்கிறது, ஆனால் சம்மதித்துவிட்டா, கைநாட்டு எடுக்கவேண்டும் என்றான். நொத்தாரிசு முதுகு நோவில் படுத்திருந்தார். பத்திரத்தையும் மைப்பெட்டியையும் கொடுத்துக் கிளாக்கரை அனுப்பினார். தான் முன்னால் நின்றதாகப் பிறகு கையெழுத்து வைத்தார்.

அறையில் தாய் கழுத்துவரை போர்த்தியபடி கிடந்தார். கண் மூடியிருந்தது. மயக்கம் என்றான் மகன். இவர் அந்த அம்மாவின் வலது கையை எடுத்து, பெருவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து மையில் ஒற்றி, மூன்று பிரதியிலும் வைத்தார். எழும்பும்போது இவருடைய கால் பட்டுப் போர்வையின் நுனி விலகியது.

"கால் பெருவிரல் ரெண்டையும் சேத்து வெள்ளைத் துணியாலை கட்டிக் கிடந்தது" என்றார்.

உயிர் போன பிறகுதான் எங்கள் ஆட்கள் அப்படிக் கட்டுவார்கள். அவர் போர்வையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்து, கண்டேன் என்று சாட்சிக் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் காலையில்தான் வீட்டில் அழுகுரல் கேட்டது. அன்றைக்குத்தான் இறந்தார் என்று ஊருக்குச் சொன்னார்கள். அதனால் திதியும் பிழைத்துப்போனது. வருஷாவருஷம் மகன் கொடுத்த படையல் எல்லாம் தாய் இறக்காத ஒரு நாளில் கொடுத்தது.

"கண் சொல்லுது, செத்திட்டா எண்டு. கை சொல்லுது, சூடாயிருந்தது எண்டு. ரெண்டு சாட்சியும் ரெண்டு விதமாச் சொன்னால் ஆரை நம்பிறது? இவ்வளவு வருசமும் நான் கையைத்தான் நம்பினன்" என்றார். பிறகு தன் கையை விரித்துப் பார்த்தார். "அது என்ர சூடு."

நொத்தாரிசு இப்போது உயிரோடு இல்லை. மற்றச் சாட்சியாகக் கையெழுத்து வைத்தவன் சண்டையில் செத்துப்போனான். மகன் காணியை விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போய் அங்கே இறந்துபோனான். மகள் பிக்கரிங்கில் இருக்கிறார். ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடலில் ஒவ்வொரு வருஷமும் அவரைத் தூரத்தில் நின்று பார்ப்பதாகச் சொன்னார். போய்ச் சொல்லவேண்டும், நீர் வந்து பக்கத்தில் நில்லும் என்றார். எனக்கு ஒரு தெரியாத வீட்டுப் படி ஏறுவதே பெரிய காரியம். ஆனாலும் என் பிழையைச் சொல்லும்போது பக்கத்தில் நின்ற மனிதர். மறுக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் போனோம். சங்கத்தின் ஆண்டு மலருக்குக் குடும்ப விவரம் சேர்க்கிறோம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். கையில் ஒரு கொப்பி. அந்த அம்மா அன்பாகக் கதவைத் திறந்தார். அறுபதுக்குக் கிட்ட வயது. வரவேற்பறையில் தகப்பனின் படம் மாலையோடு இருந்தது. பக்கத்தில் தாயின் படம் இல்லை. இவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை அந்த அம்மா கவனித்துவிட்டார்.

"அம்மாவின்ர படம் நான் வைக்கிறேல்லை" என்றார். "அவ கடைசி நாளில எல்லாத்தையும் அண்ணைக்கு எழுதிப்போட்டுத்தான் கண்ணை மூடினவ. நான் ஒருத்தி இருக்கிறன் எண்டு நினைக்கேல்லை. செத்தவீட்டுக்கும் போகேல்லை நான்."

தேநீர் வந்தது. இவர் கோப்பையை வாங்கிக் கையில் பிடித்தபடி இருந்தார். குடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. நான் காத்திருந்தேன். கடைசியில் கோப்பையை என்னிடம் தந்துவிட்டுக் கொப்பியைத் திறந்தார். தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டு எழுதினார். தாய் இறந்த திகதியைக் கேட்டார். அந்த அம்மா ஊரறிந்த திகதியைச் சொன்னார். இவர் அதையும் எழுதினார். எழுத்து அச்சடித்ததுபோல வடிவாக இருந்தது.

நிலையத்துக்கு நடக்கும்போது, "பாத்தனீர்தானே?" என்றார்.

"ஓம் அண்ணை."

"திரும்பவும் எழுதிப்போட்டன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பெட்டிகளைத் தனியாகத் திறக்கத் தொடங்கினார். என்னைக் கூப்பிடவில்லை. தட்டுகளுக்குப் பின்னால் நாடா அறுபடும் சத்தம் கேட்கும். கத்தியை வைத்துவிட்டு நான் காத்திருப்பேன். குரல் வராது. லொறிக்காரப் பொடியன்கூட, "அண்ணைக்கு என்ன நடந்தது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். கொம்புகள் ஏலத்தில் போய்விட்டன. மாசிப் பனியில் ஒருநாள் காலை பஸ் தரிப்பில் விழுந்தவர் எழும்பவில்லை.

செத்தவீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பெட்டிக்குள் கோட் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். கைகள் நெஞ்சில். இங்கே பெட்டியின் கீழ்ப்பாதியை மூடிவிடுவார்கள், காலைப் பார்க்க முடியாது. நான் அந்த மூடிய பாதியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து நின்றவர் என் தோளைத் தட்டி நகரச் சொன்னார்.

பிறகு எனக்குத்தான் அந்தப் பழக்கம் வந்தது. பெட்டியைத் திறக்கமுன் நிமிர்ந்து பார்ப்பேன். யாரோ பக்கத்தில் வந்து நிற்பதற்கு இடம் விட்டு நிற்பேன். ஒருமுறை "பாத்தனீர்தானே?" என்று தெளிவாகக் கேட்டது. ஓம் அண்ணை என்று சொல்லியும்விட்டேன். எதிரே நின்ற வெள்ளைக்காரர் என்ன என்று கேட்டார்.

இரண்டு முறை பிக்கரிங் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன். எனக்கு என்ன தெரியும், நான் கண்டவனா, கேட்டவன்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் முறை, வைகாசியில், போய் மணியை அழுத்தினேன்.

அந்த அம்மா என்னை மறக்கவில்லை. "மற்ற ஐயா வரேல்லையோ தம்பி?" என்றார். அவர் இறந்ததைச் சொன்னேன். தேநீர் வேண்டாம் என்றேன். கையில் ஏதாவது இருந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயந்தேன். கதிரை நுனியில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி, அவர் பஸ் தரிப்பில் எனக்குச் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கதைத்ததில்லை.

"கால் கட்டியிருந்ததோ?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஓம் அக்கா."

"கட்டியிருந்ததெண்டு அவரே சொன்னவரோ?"

"ஓம் அக்கா. வெள்ளைத் துணியாலை."

"அப்ப அம்மா எனக்கு எதிரா ஒண்டும் செய்யேல்லை."

"இல்லை அக்கா."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதற்காகத்தான் வந்தேன் என்றும் சொல்லலாம். வரவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் அம்மா கடைசி நேரத்திலை என்னை நினைச்சவ எண்டு இருந்தன் தம்பி. கோவத்திலை எண்டாலும் நினைச்சவதானே. இப்ப அதுவும் இல்லை" என்றார்.

எழுந்து போவதா இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கார் வந்து நின்றது. அவருடைய கணவர் பால் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மா முதல் நாளே செத்துப்போனவவாம்" என்றார் அந்த அம்மா. காணியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"ஆர் சொன்னது?"

அந்த அம்மா என்னைக் காட்டினார். கணவர் பால் பைகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமா, நம்பிக்கையில்லையா என்று தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"இருங்கோ அண்ணை" என்றேன். அவர் கதிரையில் இருந்த பிறகு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.